தோட்டத்தை விற்கலாமா?

ஆர்.எஸ்.புரத்தில் வேதபாட வகுப்பு நடத்துகிறவளிடம் மலைப்பிரசங்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேள்வி என்று வந்தால் பெரும்பாலும் அது கடைசிக் காலத்தைப் பற்றியதுதான். 666 யாருடைய எண்? இரகசிய வருகை முந்தியா, உபத்திரவக் காலம் முந்தியா? எருசலேமில் மூன்றாவது ஆலயம் எழும்பப் போகிறதாமே? ஐபிராத்து நதி வற்றிப்போச்சாமே? வகுப்பில்தான் என்றில்லை. உழவர் சந்தையில் கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி கேட்பார்கள். டி.பி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பார்கள். கல்யாணப் பந்தியில், துக்க வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்பார்கள். "அக்கா, ஒரே ஒரு சந்தேகமுங்க" என்று தொடங்கினால் அது வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் போய் முடியும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேதத்தை அக்கறையோடு படிக்கிறவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகங்கள் வரும். கிறிஸ்து திரும்ப வருவார் என்பதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் இத்தனை ஆண்டுகள் பதில் சொல்லிச் சொல்லி ஒன்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கடைசிக் காலத்தைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறாரோ அதன்படிதான் அவர் அடுத்த வாரம் நடந்துகொள்வார். நிலத்தை விற்பார். மாத்திரையை நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பார். அல்லது பயம் தெளிந்து காலையில் வேலைக்குக் கிளம்புவார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் வாயைத் திறப்பது.

டி.வி. சாமி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு குடும்பம் தங்கள் வீட்டு மாடி அறையை வியாழக்கிழமை மாலைகளில் எங்களுக்கு விட்டுத் தந்திருக்கிறது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன் என்று எல்லாச் சபையாரும் வருவார்கள். கத்தோலிக்கர் கையில் திருவிவிலியம், மற்றவர்கள் கையில் பழைய கறுப்பு அட்டை வேதாகமம். மில்லில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர், ராத்திரி டூட்டிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கும் நர்ஸ்கள், லாலி ரோட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள். ஒரே வசனத்துக்கு ஐந்து சபைகளின் விளக்கம் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்திருக்கும்.

புதிதாக வருகிறவர் எதைக் கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் புத்தகத்தை முழுவதும் சத்தமாக வாசிக்க வைப்பேன். 22 அதிகாரங்கள். ஆளுக்கொன்றாக வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சபை கூடியிருக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்கென்றே எழுதியது அது; முதல் அதிகாரம் மூன்றாம் வசனம் வாசிப்பவரையும் கேட்பவர்களையும் சேர்த்தே வாழ்த்துகிறது. ஆனால் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவர்கள்கூட அதை ஒருமுறையும் முழுசாகக் கேட்டிருப்பதில்லை. ஆறாம் அதிகாரத்துக் குதிரைகள், பதின்மூன்றாம் அதிகாரத்து மிருகம், இருபதாம் அதிகாரத்து ஆயிரம் வருஷம் என்று கன்வென்ஷன் மேடைகளில் துண்டு துண்டாகக் கேட்டதுதான்.

முழுவதும் வாசிக்கும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். "என்னக்கா, இத்தனை பாட்டு இருக்குது!" என்பார்கள். நாலாம் அதிகாரத்தில் தொடங்கி ஐந்து, ஏழு, பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது என்று பரலோகம் பாடிக்கொண்டேதான் இருக்கிறது. மில் கணக்கர் அந்திக்கிறிஸ்துவைப் பற்றி நோட்டில் குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கடைசி அதிகாரம் முடிந்ததும், "அந்தப் பேரே இதுல வரலீங்களே" என்றார். வராதுதான். அது யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டும் வருகிறது. அங்கேயும் ஒரே ஒரு ஆளைக் காட்டி நிறுத்தாமல், அப்படிப்பட்டவர்கள் அநேகர் ஏற்கெனவே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறது.

பிறகு சுவரில் ஒரு தேசப்படத்தை மாட்டுவேன். பத்மு தீவு இன்று கிரேக்க நாட்டில் இருக்கிறது. யோவான் எழுதியனுப்பிய ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியில் இருக்கின்றன. சிமிர்னா இஸ்மிர் என்ற பெயரில் இன்றும் பெரிய துறைமுக நகரம். இந்த ஊர்களுக்கு முகவரி எழுதி அனுப்பிய கடிதம் அது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லவோதிக்கேயாவுக்கு எழுதியதில் குளிருமில்லை அனலுமில்லை என்ற கண்டிப்பு வருகிறதே, அந்த ஊருக்குத் தண்ணீர் குழாய் வழியாக வெளியிலிருந்து வந்தது. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று. கொலோசெயில் குளிர்ந்த நீர். இவர்களுக்குக் கிடைத்ததோ வெதுவெதுப்பான தண்ணீர். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பேசிப் பேசி மாளாத கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைக் கூடுதலாக விளக்க வேண்டியிருந்ததில்லை. அன்று அந்தச் சபைகளில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது எப்படிப் புரிந்திருக்கும் என்பதை முதலில் கேளுங்கள், அதன்பிறகு நமக்கு என்ன என்று கேளுங்கள் என்பேன். வகுப்பில் நான் வைத்திருக்கும் சட்டம் இது ஒன்றுதான்.

இனி 666. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினார்கள். நீரோ இராயன் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய பிரதிகளில் இந்த எண் 616 என்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரேனியசுக்கே அது தெரியும். நீரோ பெயரை லத்தீன் உச்சரிப்பின்படி, கடைசி எழுத்தை விட்டு எழுதினால் 616 வரும். அறிஞர்களில் பெரும்பாலோர் இந்த விளக்கத்தை ஏற்கக் காரணம், இரண்டு எண்களுக்கும் இது ஒன்றே கணக்குச் சொல்கிறது என்பதுதான். கிறிஸ்தவர்களை வேட்டையாடிய ஓர் அரசனின் நிழல் அந்த எண்ணில் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட அரசு எந்தக் காலத்திலும் எழும்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த எண் ஏதாவது ஒரு பொருளில் போய் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சோப்பு உறையிலுள்ள பார்கோடு, ஏ.டி.எம். அட்டை, ஸ்மார்ட் ரேஷன் கார்டு. 2010இல் ஆதார் எண் கொடுக்கத் தொடங்கியபோது விரல் ரேகையும் கருவிழியும் பதிய வேண்டும் என்றதும் வகுப்பே கலங்கிப்போனது. எல்லாருக்கும் நான் காட்டுவது ஒரே இடத்தைத்தான். பதின்மூன்றாம் அதிகாரத்தில் முத்திரை தனியாக வரவில்லை. மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தே வருகிறது. பக்கத்தைப் புரட்டினால் பதினாலாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டவர்கள் நிற்கிறார்கள். அடையாளம் இரண்டு பக்கமும் உண்டு. யாரைத் தொழுகிறாய், யாருக்குச் சொந்தம் என்பதே அங்கே கேள்வி. பெர்கமுவில் இராயனுக்குக் கோயிலே இருந்தது. தியத்தீராவில் நெசவாளர், சாயக்காரர், கன்னார் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். சங்க விருந்து தெய்வங்களுக்குப் படைத்த பிறகுதான் நடக்கும். அதற்குப் போகாதவனுக்கு வியாபாரம் நடக்காது. வாங்கவும் விற்கவும் முடியாது என்று யோவான் எழுதியதை அந்த ஊர்க்காரர்கள் கடைத்தெருவில் அன்றாடம் பார்த்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் உடம்பில் ஏறிவிடக்கூடிய ஒன்றைப் பற்றி அந்த அதிகாரம் பேசவேயில்லை.

இதை 2021இல் தொலைபேசியில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. அந்த மே மாதக் கடைசியில் நாளொன்றின் கொரோனா தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டிவிட்டது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் படுக்கை கிடைக்குமா என்று ஊரே அலைந்த நாட்கள். தடாகம் ரோட்டில் தனியாக இருந்த ஒரு பெரியம்மா, சர்க்கரை வியாதிக்காரர், தடுப்பூசி போட மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து என்னை அழைத்து, "நீங்க சொன்னா கேப்பாங்க" என்றான். நான் சொல்லவில்லை, வாசிக்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பதின்மூன்றையும் பதினாலையும் அவரே வாசித்தார். நடுநடுவே நிறுத்தி, "இங்க ஊசியே இல்லையே கண்ணு, கும்புடறதப் பத்தியில்ல சொல்லுது" என்றார். அடுத்த வாரம் முகாமுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் அப்படி வரவில்லை. அதே பயத்தில் கடைசிவரை ஊசி வேண்டாம் என்றிருந்த ஒருவரின் அடக்கத்துக்கும் நான் போனேன். அவர் கைப்பேசியில் வந்து குவிந்திருந்த வீடியோக்களை அவர் மனைவி எனக்குக் காட்டினார். அந்த வீடியோக்களில் பேசியவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கவில்லை.

செய்தியில் வருவதையெல்லாம் தீர்க்கதரிசனத்தோடு முடிச்சுப்போடும் பழக்கத்துக்கு மருந்து, வசனத்தை நிதானமாகப் படிப்பதுதான். 2020இல் வடநாட்டில் வெட்டுக்கிளிகள் வந்து மொய்த்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியிலும் வந்துவிட்டது என்று பரபரப்பு. அவை உள்ளூர் வெட்டுக்கிளிகள்தான் என்று வேளாண் துறை சொன்னது. ஒன்பதாம் அதிகாரம் நிறைவேறிவிட்டது என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் பறந்தன. வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பையன், பூச்சியியல் மாணவன், ஒரே வரியில் பதில் போட்டான்: ஒன்பதாம் அதிகாரம் நாலாம் வசனத்தில் அந்த வெட்டுக்கிளிகளுக்குப் புல்லையும் பச்சையையும் மரத்தையும் தொடக்கூடாது என்று கட்டளை, இவையோ பயிரைத்தான் தின்கின்றன, அப்புறம் எப்படி? நான் எடுத்த எத்தனையோ பாடங்களைவிட அந்த ஒரு வரி நல்ல பாடம்.

ஐபிராத்து குறைகிறது, உண்மைதான். துருக்கியிலும் சிரியாவிலும் கட்டிய அணைகளும் மழைப் பொய்ப்பும் அதற்குக் காரணம். மூன்றாவது ஆலயத்தை எதிர்பார்ப்பவர்களுக்காக 2022இல் டெக்சாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் இஸ்ரவேலுக்குப் போனதும் உண்மை. எண்ணாகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைப் படித்துக்கொள்ளுங்கள் என்பேன். அதிலிருந்து தேதி ஏதும் கிடைக்காது. இந்தியாவைப் பற்றித் தீர்க்கதரிசனம் உண்டா என்றும் ஆசையாகக் கேட்பார்கள். வேதத்தில் நம் நாட்டின் பெயர் வருவது எஸ்தர் புத்தகத்தில், முதல் அதிகாரத்திலும் எட்டாம் அதிகாரத்திலும், பெர்சிய அரசனின் ராஜ்யத்துக்கு எல்லை சொல்வதற்காக. ஆனால் வெளிப்படுத்தல் ஏழாம் அதிகாரத்தில் சகல ஜாதியாரும் பாஷைக்காரரும் நிற்கும் பெருங்கூட்டம் வருகிறது. தமிழ் பேசுகிறவர்களும் அதில் நிற்கிறோம். எனக்கு அது போதும்.

தேதி குறிக்கும் பழக்கம் மேல்நாட்டிலிருந்து மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து ஏமாந்தார்கள். தென்கொரியாவில் ஒரு சபை 1992 அக்டோபர் 28 என்றது. அந்தச் சபையின் போதகர் அந்தத் தேதிக்குப் பிறகு முதிரும் கடன்பத்திரம் வாங்கி வைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது, மோசடிக்காகச் சிறைக்கும் போனார். ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. வாளையாறு தாண்டினால் பாலக்காடு. அந்தப் பக்கத்துப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்ற பெயரில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனவர் ஒருவர். கேரளத்தில் வித்வான் குட்டி என்றால்தான் தெரியும். அருமையான பாட்டுக்காரர். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் முன்னின்று நடத்திய எழுப்புதல் அடுத்த பத்தாண்டில் திருவிதாங்கூருக்கும் பரவியது. அந்த அனலில் நின்ற வித்வான் குட்டி, கிறிஸ்து 1881இல் வருவார் என்று அறிவித்தார். குடும்பம் குடும்பமாக நம்பித் திருச்சபையை விட்டுப் பிரிந்து போனார்கள். 1881 வந்தது, போனது. அவருடைய பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவ்வளவு பக்தியும் புலமையும் உள்ளவரே இதில் தவறியிருக்கிறார் என்றால், நம் பந்தலில் வந்து தேதி சொல்கிறவரை நாம் எவ்வளவு ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும்! அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்கே தெரியாது என்று மாற்கு பதின்மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தரே சொல்லியிருக்கும்போது, தெரியும் என்று ஒருவர் சொல்வது துணிகரம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தது அப்படி ஒரு கூட்டத்துக்குப் பிறகுதான். தென்னையும் பாக்கும் வைத்த சின்னத் தோட்டம் அவருடையது. வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், இன்னும் கொஞ்ச நாள்தான்னு கூட்டத்துல சொல்லிப்போட்டாங்க. தோட்டத்த வித்துப்போட்டு ஊழியத்துக்குக் குடுத்துறலாமுங்களா? பையன் பேசறதில்லீங்க, கோவிச்சுட்டு இருக்கறான்."

பர்னபா நிலத்தை விற்று அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தாரே என்று வசனத்தோடுதான் வந்திருந்தார். பர்னபா விற்றது சபையில் குறைவுபட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்காக, உலகம் முடியப்போகிறது என்பதற்காக அல்ல என்றேன். பிறகு எரேமியா முப்பத்திரண்டாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று தீர்க்கதரிசனம் சொன்னதே எரேமியாதான். அதற்காகவே அரண்மனைக் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்து ஊரில் இருக்கும் என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா வாங்குகிறார்.

பெரியவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தது, பத்திரம் எழுதியது, சாட்சிகள் கையெழுத்துப் போட்டது, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுத்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

"அட, நம்மு கிரயப் பத்திரமாட்டவே இருக்குதுங்களே! சாட்சி, மூலப் பத்திரம், நகல், எல்லாம் இருக்குது. ஊரே போகப் போவுதுன்னு தெரிஞ்சும் வாங்கறாரு பாருங்க!"

இந்த ஊரில் திரும்பவும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்ததால்தான் வாங்கினார் என்று பதினைந்தாம் வசனத்தைக் காட்டினேன். வேதத்திலுள்ள தீர்க்கதரிசிகளில் கிரயப் பத்திரத்தோடு நிற்பவர் எரேமியா. கடைசி நெருங்கிவிட்டது என்று உண்மையாகவே அறிந்த மனிதர் என்ன செய்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. பெரியவர் தோட்டத்தை விற்கவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இளநீர்க் குலையோடு மகனையும் கூட்டிக்கொண்டு வருவார்.

எல்லாக் கேள்வியும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. எல்.கே. அத்வானி எங்கள் ஆர்.எஸ்.புரத்தில் தேர்தல் கூட்டத்தில் பேசவிருந்தார். அன்று நகரில் 11 இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். நாங்கள் தினமும் நடக்கும் தெருக்கள். வகுப்பு மறுபடி கூடியபோது இரண்டு கேள்விகள் வந்தன. இறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள், இது நியாயத்தீர்ப்பா என்பது ஒன்று. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இதே கேள்விக்கு இயேசு பதில் சொல்லியிருக்கிறார்: செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர், நீங்கள் மனந்திரும்புங்கள். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

மற்றொன்று, அந்திக்கிறிஸ்து எந்த மதத்திலிருந்து வருவான் என்பது. கேட்டவர் மனதில் என்ன பதில் இருந்தது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் எங்களோடு படித்தவர்கள், எங்கள் கடைக்காரர்கள், எங்கள் பிள்ளைகளின் சிநேகிதர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். லுத்தரின் காலத்தில் போப்பையே அந்திக்கிறிஸ்து என்றார்கள். அதைக் கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெண்ணொருத்தி எங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடிக்காதவர் நெற்றியில் அந்த எண்ணை எழுதியிருக்கிறது. ஆனால் யோவான் தன் புத்தகத்தை எதில் தொடங்குகிறார்? சபைகளைக் கண்டிப்பதில். முதல் மூன்று அதிகாரங்களில் திட்டு வாங்குவது அண்டை வீட்டார் அல்லர், நாம்தான்.

இரகசிய வருகையைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் கலக்கியது ஒரு குழந்தையுடையது. ஏதோ ஒரு கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படுதலைப் பற்றி ஒரு படம் போட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பெண். மறுநாள் பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அம்மா இல்லை. அடுப்பில் குக்கர் சூடாக இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. அம்மா எதிர்க்கடைக்குத் தேங்காய் வாங்கப் போயிருந்தாள். பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்று அலறியிருக்கிறாள். அதன்பிறகு பல வாரங்கள் அவள் தூங்கும்போது அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்கினாள்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் நாலாம் அதிகாரத்திலிருந்துதான் இந்தப் போதனையை எடுக்கிறார்கள். பவுல் அதை எழுதியது அன்பானவர்களைச் சாகக் கொடுத்து அழுதுகொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்களை நீங்கள் இழந்துவிடவில்லை, எல்லாரும் ஒன்றாக அவரைச் சந்திப்போம் என்பதே செய்தி. இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று அதிகாரத்தை முடிக்கிறார். வருகை இரண்டு கட்டமாக, முதலில் இரகசியமாக நடக்கும் என்ற விளக்கம் 1830களில் ஜான் நெல்சன் டார்பி போன்றவர்களால் பரவி, 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளால் ஊரெங்கும் போனது. அதை நம்புகிற நல்ல விசுவாசிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தேற்றுவதற்காக எழுதிய வசனத்தைக் காட்டிக் குழந்தைகளை நடுங்க வைப்பதை என்னால் பொறுக்க முடியாது. மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய், "அங்க போனா என் பையனை எனக்கு அடையாளம் தெரியுமாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் திறந்ததும் அதே நாலாம் அதிகாரம்தான். அந்த அதிகாரம் அவளுக்காக எழுதியது.

ஆயிரவருட அரசாட்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். இரேனியஸ் அப்படியே ஆயிரம் வருஷம் என்று எதிர்பார்த்தார், அகஸ்தீன் அதை அடையாளமாக, சபையின் காலம் என்று கொண்டார், இருவரும் பரிசுத்தவான்கள்தான். கிறிஸ்து வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயந்தீர்ப்பார், எல்லாவற்றையும் புதிதாக்குவார் என்பதில் எங்கள் மாடி அறையின் ஐந்து சபைகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நிசேயா விசுவாசப் பிரமாணத்தை எல்லாருமாகச் சொல்லிவிட்டுத்தான் கலைவோம். மற்றதில், வசனம் சொல்லாததை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். ஆசிரியை தெரியாது என்றதும் வகுப்பில் ஒரு நிம்மதி வருவதைக் கவனித்திருக்கிறேன்.

சபைப் பெரியவர்களிடமும் கன்வென்ஷன் நடத்துகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தேதி சொல்கிறவருக்கு உங்கள் மைக்கைக் கொடுக்காதீர்கள். வாட்ச்நைட் ஆராதனையில் வருஷ தீர்க்கதரிசனம் சொன்னவர் பேச்சு நடக்காமல் போனால், அதை அடுத்த வருஷம் அதே மேடையிலிருந்து சபைக்குச் சொல்லுங்கள். உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் அந்தச் சோதனையை நம் கையில்தான் கொடுத்திருக்கிறது. வருஷத்தில் ஒரு மாலையாவது வெளிப்படுத்தின விசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை சபையில் வாசியுங்கள். குழந்தைகளுக்குப் பயமுறுத்தும் படங்களைப் போடாதீர்கள். இதைப் படிக்கும் விசுவாசிகளே, கடைசிக் காலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிலத்தை விற்கும் முன், மாத்திரையை நிறுத்தும் முன், மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டாமல் விடும் முன், உங்கள் வீட்டாரோடும் உங்களை நன்றாகத் தெரிந்த ஓர் ஆயரோடும் உட்கார்ந்து எரேமியா முப்பத்திரண்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.